தடிச்ச சாக்ஸ் வேண்டாம், மருமகளே

அக்கா மகள் ஜனவரியில் காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போகிறாள், பனிச்சறுக்குப் பழக. ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை, பூட்ஸ், ஊன்றுகோல் எல்லாம் பயிற்சி நடத்துகிறவர்களே கொடுத்துவிடுவார்கள். கோட்டும் பேண்ட்டும் வாடகைக்குக் கிடைக்கும். ஊரிலிருந்து கட்டாயம் சொந்தமாகக் கொண்டு போக வேண்டியது சாக்ஸ்தான். அதைத்தான் எல்லாரும் கிளம்புகிற அன்று, கண்ணில் பட்ட கடையில் வாங்கிப் பையில் திணிக்கிறார்கள்.

ராணுவத்தில் இருந்தபோது குல்மார்க்கில்தான் நானும் பனிச்சறுக்குப் பழகினேன். ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டையில் செருப்பு, ஷூ, சாக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை பள்ளிக்கூடச் சாக்ஸ் விற்பதிலேயே பொழுது போய்விடும். ஆக, சாக்ஸைப் போட்டு அலைந்த பழக்கமும் உண்டு, பிரித்துப் பார்த்து வாங்கி விற்கிற பழக்கமும் உண்டு. அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஆலி, சோலாங், குல்மார்க் என்று போக ஆரம்பித்திருக்கிறார்கள். யாருக்காவது உதவும்.

போன வாரம் கடைக்கு வந்தவள் ஒரு பையைக் கவிழ்த்தாள். எல்லாம் தடித்தடியான சாக்ஸ், உள்ளே பஞ்சு பஞ்சாக.

"மாமா, இதுல ரெண்டு சேத்துப் போட்டுக்கிடுதேன். காணும்லா?"

"ஒண்ணு போதும்ளா. அதுவும் இது இல்ல" என்றேன்.

கூட வந்த அத்தான் விடவில்லை. "மாப்ள, அங்க பனி கெடக்கும்னு சொல்லுதாவ. பிள்ளைக்குக் கால் வெறைச்சிராதா?"

அத்தான் கேட்டதில் தப்பில்லை. நம் பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான். குல்மார்க்கில் ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது; கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டியில் அபர்வத் மலை வரை ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டிவிடும். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாளை சில்லைக் கலான் என்கிறார்கள். வருஷத்தின் கடுங்குளிர் அதுதான். இங்கே மார்கழி விடியலில் கோலம் போடுகிறவர்கள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்கிற அதே நாட்களில் அங்கே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போவது சாதாரணம். வெயில் ஊர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் கனமாக எதையாவது சுற்றிக்கொள்ளத்தான் தோன்றும். உடம்புக்கு அது சரி. பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் போகிற காலுக்கு அது சரிப்படாது.

ஏன் என்று புரிய, அந்த பூட்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு. உள்ளே நுரை வைத்துத் தைத்த லைனர், தனியாக உருவி எடுக்கலாம். முன்பக்கம் பெரும்பாலும் நாலு பக்கிள், உச்சியில் ஒரு அகலப் பட்டை. அரைக் கெண்டைக்கால் வரை ஏறும். குளிரைத் தடுக்கிற வேலையை லைனர் பார்த்துக்கொள்ளும். பனிச்சறுக்கில் முழங்காலை முன்னால் மடக்கி, கணைக்கால் எலும்பால் பூட்ஸின் நாக்கை அழுத்தித்தான் ஸ்கீயைத் திருப்புகிறோம். காலுக்கும் லைனருக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று கிடந்தால் அந்த அழுத்தம் அதிலேயே அமுங்கிவிடும். குதிங்கால் உள்ளே எழும்பி எழும்பி இறங்கும், கொப்புளம் வரும், திரும்பச் சொன்னால் ஸ்கீ திரும்பாது.

அதைவிடப் பெரிய கேடு ரத்த ஓட்டத்துக்கு. தடிச்ச சாக்ஸ் போட்ட காலை அந்த ஓட்டுக்குள் இறக்கிப் பக்கிளைப் பூட்டினால் சாக்ஸ் அமுங்கும், அதோடு காலும் அமுங்கும். சூட்டை விரல் நுனிக்குக் கொண்டுவருவது ரத்தம். அதன் வழியை நெருக்கிவிட்டு மேலே எத்தனை கம்பளி சுற்றினாலும் கால் சில்லிட்டுத்தான் போகும். தவிர, கம்பளி சூடு தருவதே இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றால்தான். நசுங்கின சாக்ஸில் அந்தக் காற்றுக்கு ஏது இடம்? தடிச்ச சாக்ஸ் போட்டவருக்குக் கால் மரத்து, மெல்லிய சாக்ஸ் போட்ட பக்கத்து ஆள் நிம்மதியாக நிற்பது குல்மார்க்கில் தினமும் பார்க்கக்கூடிய காட்சி.

ரெண்டு சாக்ஸ் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், எங்காவது ஒரு மடிப்பு விழும். வீட்டில் அந்த மடிப்பு தெரியாது. இறுக்கின பூட்ஸுக்குள் ஒரு மணி நேரத்தில் அது கூழாங்கல் ஆகிவிடும்.

சரி, மெல்லியது என்று முடிவாயிற்று. எதில் செய்தது?

பருத்தி வேண்டவே வேண்டாம். நம் ஊருக்குப் பருத்தியை விட்டால் வேறு துணி இல்லை என்று நானே கடையில் சொல்வேன். ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். பூட்ஸுக்குள் காற்று புகாது, காய வழியில்லை. பனி உள்ளே வந்தால்தான் கால் நனையும் என்று அவள் நினைத்திருந்தாள். வெளியே மைனஸில் இருந்தாலும், பழகுகிறவர் சரிவில் விழுந்து எழுந்து, பக்கவாட்டில் படிபடியாக ஏறி, உடம்பு கொதிக்கத்தான் செய்யும். கால் தன் வியர்வையிலேயே நனையும். அப்புறம் சரிவின் மேலே ஏற்றிவிடுகிற லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்போது அந்த ஈரம் சில்லிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. ஈர சாக்ஸ் போட்ட கால் எவ்வளவு சீக்கிரம் சூட்டை இழக்கும் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பள்ளிக்கூடத்து நைலான் சாக்ஸ் ஈரத்தைக் குடிக்காது, ஆனால் தோலிலேயே நிற்கவிடும். நாற்றம் வேறு.

கம்பளிதான் சரி, அதிலும் மெரினோ, அந்தப் பெயருள்ள ஆட்டு இனத்தின் மெல்லிய ரோமம். கம்பளி இழை தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டால் ஈரம் தெரியாது. அப்படி இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். நனைந்தாலும் பருத்திபோல் சப்பென்று ஒட்டிக்கொள்ளாது. கம்பளி என்றால் குத்துமே, அரிக்குமே என்பார்கள். இழையின் பருமன்தான் காரணம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 30 மைக்ரானுக்கு மேல் போன இழை தோலில் குத்தும். நல்ல மெரினோ சாக்ஸில் இருப்பது 20 மைக்ரான் அளவில்தான் இருக்கும், நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன்கூட வராது. வெறுங்காலில் போட்டால் குத்தவே செய்யாது.

நூறு சதம் கம்பளி என்று எழுதியிருந்தால் உடனே எடுத்துவிடாதீர்கள். குதிங்காலிலும் விரல் நுனியிலும் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும், நாள்பட நாள்படத் தொளதொளவென்று ஆகும். பாதிக்கு மேல் மெரினோ, மூன்றில் ஒரு பங்கு சுமாருக்கு நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் நூல் இருந்தால் சரி. நைலான் உழைப்புக்கு, எலாஸ்டேன் பிடிப்புக்கு.

அட்டையில் "உலன்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. அவள் கொண்டுவந்த பையிலும் அப்படி ஒரு ஜோடி இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. உள்பக்கம் தொங்கிய நூலில் ஒரு விரல்கடை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சில்வர் தட்டுக்கு மேலே வைத்து தீக்குச்சியைக் காட்டினேன். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். நூல் தீயிலிருந்து விலகிச் சுருண்டது, சட்டென்று பற்றிக் கரும்புகையோடு எரிந்தது, மூக்கில் ஏறுகிற நெடி. அணைந்ததும் முனையில் கறுப்பாக ஒரு கெட்டி மணி. நகத்தால் நசுக்கினாலும் நசுங்கவில்லை. அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். அப்புறம் என் பழைய சாக்ஸிலிருந்து ஒரு நூல். அது மெதுவாகத்தான் எரிந்தது, தீக்குச்சியை எடுத்ததும் தானே அணைந்தது. முடி கருகிய வாடை. முனையை விரலில் வைத்துத் தேய்த்தால் பெரும்பகுதி கரியாகப் பொடிந்தது, நைலான் கலந்திருப்பதால் ஒரு சிறு மணி மட்டும் மிஞ்சியது. பருத்தியாக இருந்திருந்தால் காகிதம் எரிகிற வாடை வந்திருக்கும். "ஏ யம்மா, கம்பளின்னு தெளிவா எழுதியிருக்கே மாமா!" என்றாள். வீட்டில் செய்வதானால் சின்னப் பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் பின்னல். சாக்ஸை உள்ளே வெளியே திருப்பி, விரல் பக்கத்துத் தையலில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மலிவு சாக்ஸில் அங்கே ஒரு வரப்பு ஓடும், நகம் தட்டி நிற்கும். நல்லதில் கண்ணிக்குக் கண்ணி கோத்துத் தட்டையாக முடித்திருப்பார்கள், நகம் வழுக்கிக்கொண்டு போகும். பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் விரலுக்கு விலக இடம் கிடையாது, அந்த வரப்பு சாயங்காலத்துக்குள் சுண்டுவிரலைப் புண்ணாக்கிவிடும். சாக்ஸுக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கண்ணி நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கணைக்கால் எலும்புக்கு நேராக மட்டும் உள்ளே குளித்துத் துவட்டுகிற துண்டுபோல் வளையம் விட்டுக் கொஞ்சம் மெத்தென்று பின்னியிருந்தால் அது நல்லதுதான், அங்கேதான் பூட்ஸ் அழுத்தும். பாதம் முழுக்க அப்படி இருந்தால் தடிப்புதான், விட்டுவிடலாம். இடது, வலது என்று தனித்தனியாகக் குறி போட்டு வருகிற சாக்ஸ் விரலுக்கு நன்றாகப் பொருந்தும். ஃபால்கே, ஸ்மார்ட்வூல், டார்ன் டஃப் போன்ற கம்பெனிகள் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவை. டெகாத்லான் கடையின் பனிச்சறுக்குச் சாக்ஸ் விலை குறைவு. பழகப் போகிறவருக்கு அதில் மெரினோ கலந்ததே தாராளம். இவை எதுவும் என் கடையில் கிடையாது, விற்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு நல்ல ஜோடி விலைக்கு ஒரு டஜன் பள்ளிக்கூடச் சாக்ஸுக்கு மேல் வாங்கலாம். அத்தான் அதைக் கேட்டு வாயைத் திறந்தார். கால் விஷயம், கொடுக்கலாம்.

உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும். பூட்ஸுக்குள்ளேயே சாக்ஸின் எலாஸ்டிக் முடிந்தால் அந்த விளிம்பு நேராகக் கணைக்கால் எலும்பின் மேல் உட்காரும், நாள் முழுக்க அதையே அழுத்திக்கொண்டு இருப்போம். பெண்களுக்குக் கெண்டைச்சதை கொஞ்சம் கீழிறங்கி இருப்பதால் மேல் எலாஸ்டிக் இறுக்கமா என்று கவனிக்க வேண்டும். போட்டுக்கொண்டு மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கி, குந்தி உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். கீழே நழுவினால் பெரிசு. கழற்றினதும் தோலில் லேசான தடம் இருக்கலாம், பள்ளம் விழுந்தால் வேண்டாம்.

இதோடு சேர்ந்த ஒன்று. குளிருக்கு உள்ளே போடுகிற தெர்மல் பேண்ட்டை சாக்ஸுக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் செருகிவிடுகிறார்கள். அதன் முனைத் தையல் ஒரு வளையமாக எலும்பைச் சுற்றி அழுத்தும். பூட்ஸுக்குள் போக வேண்டியது காலும் ஒரு சாக்ஸும் மட்டும். தெர்மலை பூட்ஸுக்கு மேலே சுருட்டி விட்டுவிட வேண்டும், முக்கால் நீளத்தில் வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை. வெளி பேண்ட்டின் அடியில் எலாஸ்டிக் வைத்த உள்துணி ஒன்று தொங்கும், அது பூட்ஸுக்கு வெளியே மூடிக்கொள்வதற்கு. பனி உள்ளே இறங்காது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கால் வேறு மாதிரி. பிறந்ததிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக நடந்த பாதம் நம்முடையது. விரல்கள் நன்றாக விரிந்திருக்கும், முன்பாதம் அகலம். அதனால் கடையில் பலபேர் நீளத்தில் ஒரு சைஸ் கூட்டிக் கேட்பார்கள். சாக்ஸில் அதைச் செய்தால் குதிங்கால் பை மேலே ஏறி, மிச்சத் துணி விரல் முன்னால் சுருண்டு கிடக்கும். ரெண்டு அளவுக்கு நடுவில் நின்றால் சின்னதையே எடுக்க வேண்டும். மெரினோ கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

சாயங்காலம் அளக்க வேண்டும், அப்போதுதான் பாதம் முழுசாக விரிந்திருக்கும். சுவரில் குதிங்காலை ஒட்டி நின்று, கீழே ஒரு தாள், பெருவிரலுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைத்து ஒரு கோடு. அவளுக்கு 24 சென்டிமீட்டரும் ஒரு நூலிழையும் வந்தது. பனிச்சறுக்கு பூட்ஸின் அளவே இந்தச் சென்டிமீட்டர்தான், அதனால் இந்த எண்ணை அவள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பொதுவாக 24, 24.5 ரெண்டுக்கும் பிளாஸ்டிக் ஓடு ஒன்றேதான். பயிற்சியில் பூட்ஸ் கொடுக்கிறவர் அவசரத்தில் பெரிசாக ஒன்றை நீட்டுவார், அதில் கால் சுகமாக உட்காரும், அங்கேதான் தடிச்ச சாக்ஸ் நினைப்பு வரும். வாடகை பூட்ஸின் லைனர் பலபேர் மிதித்துத் தளர்ந்து போனது, முதலிலேயே சுகமாக இருந்தால் மத்தியானம் ஆடும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்கும் வரை கேட்டு மாற்று, அங்கே கூச்சப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.

பக்கிளை இறுக்குவதிலும் ஒரு விஷயம். பாதத்தின் மேல்பக்கம், நடுவில் விரலை வைத்தால் நாடி துடிப்பது தெரியும். கடையில் ஸ்டூலில் உட்காரவைத்து அவளையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பாதத்தின் மேல் வருகிற பக்கிள்களில் ஒன்று சரியாக அந்த ரத்தக்குழாய் மேல்தான் உட்காரும். அதை லேசாகப் பூட்டிவிட்டு, கணுக்காலுக்கு மேலே இருப்பவற்றை நன்றாக இறுக்கலாம். வரிசையில் நிற்கும்போது எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தால் சூடு திரும்பும்.

குதிங்கால் வெடிப்பு நம் பக்கத்தில் யாருக்கு இல்லை? அந்த வெடிப்பின் முனை மெல்லிய மெரினோவில் சிக்கி நூலை இழுத்துவிடும். குளிரில் வெடிப்பு ஆழமாகப் பிளந்தும் போகும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்து ராத்திரி வெந்நீரில் காலை ஊறவைத்துத் தேய்த்து, தேங்காயெண்ணெயோ வாஸ்லினோ தடவ வேண்டும். நகத்தை நேராக வெட்டவும் வேண்டும், கிளம்புகிற அன்று வெட்டாமல் நாலைந்து நாள் முன்னாலேயே.

அங்கே போனபின், காலையில் அறையிலேயே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சாதா ஷூவில் நடந்து வியர்த்து, அதோடு பூட்ஸுக்குள் இறங்கக் கூடாது. பூட்ஸ் போடுகிற இடத்தில் வைத்துக் காய்ந்த சாக்ஸை மாட்ட வேண்டும். ஒரு ஜோடி எப்போதும் கோட்டுப் பையில் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டில் மாற்றிக்கொண்டால் புதுக்கால் மாதிரி இருக்கும். ராத்திரி லைனரை வெளியே உருவிக் காயவைக்க வேண்டும், அறையைச் சூடாக்க புகாரி என்கிற அடுப்பு எரியும், அதன் மேலேயே வைத்துவிடாமல் எட்ட வைக்க வேண்டும். மொத்தம் மூன்று ஜோடி போதும். மாற்றி மாற்றி ரெண்டு, கைக்காவலுக்கு ஒன்று. பேட்டரி வைத்துச் சூடாக்கும் சாக்ஸும் வருகிறது. ரத்த ஓட்டம் குறைவானவர்களுக்கு அது தேவைப்படலாம், இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்குத் தேவையில்லை.

குல்மார்க் போகிற வழியில் தங்மார்க்கிலும் ஸ்ரீநகரிலும் கையால் பின்னின கம்பளிச் சாக்ஸ் விற்பார்கள். பூவும் இலையுமாக அழகாக இருக்கும். வாங்கட்டும். அது ராத்திரி அறையில் போட்டுக்கொள்ள, அத்தானுக்கு ஒன்று கொண்டுவர. பூட்ஸுக்குள் கிடையாது.

திரும்பி வந்தபின் துவைப்பது தனிக் கதை, நம் வெயிலும் உப்புத் தண்ணீரும் மெரினோவுக்கு ஆகாது. உள்ளே வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், சாதா சோப்புத்தூளுக்குப் பதில் கம்பளிக்கென்று வருகிற திரவ சோப்பு கொஞ்சம் போட்டு அலசினால் போதும். கல்லில் அடிக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. கம்ஃபர்ட் மாதிரி மணத்துக்குப் போடுகிறதும் வேண்டாம், அது இழையின் மேல் பூச்சாகப் படிந்து ஈரம் இழுக்கிற குணத்தைக் கெடுக்கும். ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் தட்டையாகப் பரப்பினால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். மடித்து வைக்கும்முன் ஒருமுறை துவைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்துப்பூச்சிப் புழுவுக்கு வியர்வை ஏறின கம்பளி என்றால் கொள்ளைப் பிரியம். நன்றாக உலர்ந்ததா என்று விரல் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடி இறுக்கமாக இருக்கும் டப்பாவில் போட்டு வைக்கலாம். பீரோவின் அடித்தட்டில் துணிகளோடு திணித்தால் ஆடிக்குள் ஓட்டை விழுந்துவிடும்.